வரியை யாரிடம் கட்டுவது?

அமெரிக்காவில், பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தோன்றியது, இவ்வளவு சின்ன அறையா என்பதுதான். பச்சைத் துணி விரித்த மேசைகள், மெழுகுவர்த்தித் தண்டுகள், இறகுப் பேனாக்கள். எதிரே உயரமான முதுகுள்ள ஒரு நாற்காலி. அதன் உச்சியில் பாதிச் சூரியனைச் செதுக்கியிருக்கிறார்கள். 1776இல் விடுதலை அறிக்கை இதே அறையில்தான், 1787இல் அரசியல் சட்டமும் இதே அறையில்தான் என்று வழிகாட்டி ஒப்பித்துக்கொண்டிருந்தார். கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நடுவில் 11 வருஷம் எங்கே போயிற்று? வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது 1789இல். அப்படியானால் 13 வருஷம் அந்த நாட்டை ஆண்டது யார்? சிப்பாய்க்குச் சம்பளம் போட்டது யார்?

நமக்கு இந்தக் கேள்வி சட்டென்று எழாது. நம் மனதில் சுதந்திரம் என்றால் ஒரு நள்ளிரவு. ஒரு கொடி இறங்கும், இன்னொன்று ஏறும். மறுநாள் காலையில் அதே கலெக்டர் ஆபீஸ், அதே தாசில்தார், அதே நிலவரி ரசீது. ஒப்படைக்க ஒருவர் இருந்தார், வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தார். அமெரிக்கக் காலனிகளில் ஒப்படைக்க யாரும் வரவில்லை. பழைய அரசாங்கம் இருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்றைக் கட்டி, ஆட்களை ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். எப்படி நகர்த்தினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அன்றிலிருந்து படித்துவருகிறேன். துப்பாக்கிக் கதைகள் சீக்கிரம் அலுத்துவிட்டன. நான் பின்தொடர்ந்தது கஜானா சாவியை.

தகராறு தொடங்கியதும் கஜானாவில்தான். 1763இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது. கனடா கைக்கு வந்தது, கூடவே கடனும் வந்தது. தேசக் கடன் ஏறத்தாழ இரட்டிப்பானது. அமெரிக்காவில் நிறுத்தியிருக்கும் படையின் செலவில் ஒரு பங்கையாவது அங்குள்ளவர்கள் கொடுக்கட்டும் என்று லண்டன் நினைத்தது. லண்டன் பக்கம் நின்று பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் அதைவிட அதிகமாகவே வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்ததுதான் 1765இன் முத்திரை வரிச் சட்டம். நமக்குப் பழகிய ஸ்டாம்ப் பேப்பர் போலத்தான். பத்திரம், உயில், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, பகடைக்காய் எல்லாவற்றுக்கும் முத்திரை. ஒரே சட்டத்தில் வக்கீல்களையும் பத்திரிகைக்காரர்களையும் சேர்த்துப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கோபம் தொகையைப் பற்றியது இல்லை. வர்ஜீனியாவில் 1619 முதலே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருந்தது. மற்றக் காலனிகளிலும் அப்படித்தான். பெரும்பாலான காலனிகளுக்கு ஆளுநரை ராஜா அனுப்புவார். பல காலனிகளில் அவருடைய சம்பளத்தை உள்ளூர்ச் சபைதான் ஒதுக்கும். ராஜாவின் பிரதிநிதி என்று அலங்காரமாக வந்து இறங்குகிற மனிதர், வருஷா வருஷம் விவசாயிகளும் வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் சபையிடம் படி அளக்கச் சொல்லி நிற்க வேண்டும். வரி போடுவது எங்கள் சபையின் வேலை என்ற பழக்கம் மூன்று நான்கு தலைமுறையாக ஊறிப்போயிருந்தது.

பாஸ்டனில் முத்திரை விற்பனை ஆண்ட்ரூ ஆலிவர் என்பவருக்கு என்று செய்தி வந்ததும், 1765 ஆகஸ்டில் அவருடைய கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியை விட்டார். மற்ற ஊர்களிலும் இதே கதை. சட்டம் அமலுக்கு வர வேண்டிய நவம்பர் 1 அன்று, ஏறக்குறைய எந்தக் காலனியிலும் முத்திரை விற்க ஆளே இல்லை. அடுத்த ஆண்டு சட்டத்தை லண்டன் திரும்பப் பெற்றது. கையோடு, எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போடும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றிக்கொண்டது. மானப் பிரச்சினை!

தேயிலைக் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை நமக்குப் பழக்கமான அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. இந்தியத் தேயிலை அன்று கிடையாது, அது சீனாவிலிருந்து வந்தது. கம்பெனி நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்ற வந்த சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது. விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், ஏனென்றால் அதற்குள் ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி இருந்தது. வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

லண்டன் பதிலுக்குத் துறைமுகத்தை மூடியது, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனிக்கு ராஜா கொடுத்த ஆட்சிப் பட்டயத்தையே திருத்தியது, தளபதி தாமஸ் கேஜை ஆளுநராக்கியது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான்.

1774 அக்டோபரில் கூட வேண்டிய சட்டமன்றக் கூட்டத்தைக் கேஜ் ரத்துசெய்தார். உறுப்பினர்கள் அக்டோபரில் தாங்களாகவே கூடினார்கள். மாகாணப் பேரவை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே ஊர்களுக்கு ஓர் ஆலோசனை போயிற்று. வசூலாகும் வரிப்பணத்தை பழைய அரசின் கஜானாக்காரர் ஹாரிசன் கிரேயிடம் கொண்டுபோகாதீர்கள். ஸ்டோ என்ற ஊரைச் சேர்ந்த ஹென்றி கார்ட்னரிடம் கொடுங்கள்.

அவ்வளவுதான். அதே வரி, ஊரில் வசூல் செய்பவரும் அதே ஆள். பணம் போய்ச் சேரும் கை மட்டும் மாறியது. எல்லா ஊரும் மறுநாளே கட்டிவிடவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதபோது மனிதர்கள் பணத்தை இறுக்கித்தான் பிடிப்பார்கள். ஆனாலும் ஊர்க் கூட்டங்களில் கையைத் தூக்கி, இனி எங்கள் வரி கார்ட்னருக்கு என்று சொன்னபோது, பாஸ்டனில் படையோடும் போர்க்கப்பல்களோடும் உட்கார்ந்திருந்த கேஜுக்கு ஆள ஒன்றும் மிஞ்சவில்லை. லெக்சிங்டனில் சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19; அதற்கு ஆறு மாதம் முன்பே இது நடந்துவிட்டது. சுதந்திர நாள் என்று ஒரு தேதியை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜூலை 4ஐச் சொல்ல மாட்டேன். பெயரே யாருக்கும் நினைவில்லாத அந்தக் கார்ட்னரின் தேதியைத்தான் சொல்வேன்.

அதே மாதம் பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் காங்கிரஸ் (ஜார்ஜியா வரவில்லை) பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்க முடிவு செய்தது. முடிவு செய்வது எளிது, யார் கண்காணிப்பது? ஒவ்வொரு ஊரிலும் வாக்குரிமை உள்ளவர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீறுகிறவர் பெயரைப் பத்திரிகையில் போட்டு, அவரோடு எல்லாரும் கொடுக்கல் வாங்கலை நிறுத்த வேண்டும் என்று எழுதினார்கள். நம் மொழியில் ஊர்விலக்கம். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பது முதல் சந்தேகப்பட்டவரை அழைத்து விசாரிப்பது வரை அந்தக் குழுக்கள் செய்தன. அதற்கு முன் அரசியலில் கால் வைக்காத எத்தனையோ பேர் அந்தக் குழுக்களில் உட்கார்ந்துதான் ஆளக் கற்றுக்கொண்டார்கள்.

இதை அழகாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்குழு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். உடம்பில் தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தவர்களையும் நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். போர் முடிந்தபோது ராஜாவின் பக்கம் நின்ற சுமார் 60,000 பேர் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் வில்லியம், நியூஜெர்சியில் ராஜாவின் ஆளுநர், 1776இல் கைதானார். அப்பாவும் மகனும் அதன்பிறகு மனம் ஒட்டவே இல்லை.

ஆளுநர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வர்ஜீனியாவின் டன்மோர் 1775 ஜூனில் போர்க்கப்பலில் ஏறிக்கொண்டார். அங்கிருந்தே நவம்பரில் ஓர் அறிவிப்பு விட்டார்: கலகக்காரர்களின் அடிமைகள் ராஜாவுக்காகப் போரிட வந்தால் விடுதலை. அந்த வருஷம் வர்ஜீனியாவில் யார் யாருக்கு விடுதலை தருவதாகச் சொன்னார்கள் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது.

1776 மே மாதம், பழைய ஆட்சி நின்றுபோன காலனிகள் தங்களுக்கென்று அரசாங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. பிரிவதென்று வாக்கெடுத்தது ஜூலை 2. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2ஐக் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நாள் தவறிவிட்டார். அப்புறம் மாநிலங்கள் தங்கள் தங்கள் சட்டங்களை எழுதத் தொடங்கின. பென்சில்வேனியா ஒரே சபை போதும், ஆளுநரே வேண்டாம் என்றது. மாசசூசெட்ஸில் 1778இல் சட்டமன்றம் எழுதிக் கொடுத்ததை ஊர்க் கூட்டங்கள் நிராகரித்துவிட்டன. அதற்கென்றே ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்து எழுதவைத்து, 1780இல் ஊர்களின் ஒப்புதலோடு நிறைவேற்றினார்கள். கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் எதையுமே எழுதவில்லை! 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜா கொடுத்த பட்டயத்தை வைத்துக்கொண்டு, ராஜாவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். கனெக்டிகட் 1818 வரை அதிலேயே வண்டி ஓட்டியது. புரட்சி என்ற சொல்லோடு நாம் சேர்த்து நினைக்கும் படம் எதிலும் இது அடங்காது.

சரி, 13 மாநிலங்களுக்கும் பொதுவாக? கூட்டமைப்பு விதிகள் என்று ஒன்றை 1777இல் எழுதினார்கள். கடைசி ஆளாக மேரிலாந்து ஒப்புக்கொண்டு அது அமலுக்கு வந்தது 1781 மார்ச்சில். போரின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. அந்த விதிகளின்படி காங்கிரஸ் போர் தொடுக்கலாம், தூதரை அனுப்பலாம், கடன் வாங்கலாம். வரி போட முடியாது. தூரத்தில் இருக்கும் ஒரு சபை நம்மிடம் வரி கேட்கிறது என்றுதானே ராஜாவோடே சண்டை போட்டோம், இன்னொரு தூரத்துச் சபையை நாமே உண்டாக்குவோமா என்று நினைத்தார்கள். ஆகவே காங்கிரஸ் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதும். மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. கொடுக்காதபோது நோட்டு அச்சடித்தது. 1780இல் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இறக்குமதிக்கு ஐந்து சதவீதச் சுங்கமாவது போடுகிறோம் என்று 1781இல் கேட்டார்கள். திருத்தத்துக்கு 13 பேரும் சம்மதிக்க வேண்டும். 12 மாநிலங்கள் சம்மதித்தன. ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது. கதை முடிந்தது.

1783 ஜூனில் சம்பளப் பாக்கி கேட்டுச் சிப்பாய்கள் ஒரு கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தக் கட்டடம்? நான் பார்த்த அதே சுதந்திர மண்டபம். காங்கிரஸ் உள்ளே இருந்தது. காவலுக்கு ஆள் அனுப்பும்படி பென்சில்வேனியாவைக் கேட்டது, மாநிலம் யோசித்தது. காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பிரின்ஸ்டனுக்குப் போயிற்று. அங்கிருந்து அனாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று ஊர் ஊராக. வழிகாட்டி இதைச் சொல்லவே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் கையெழுத்திட்ட சமாதான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர ஒன்பது மாநிலங்களின் பிரதிநிதிகள் வேண்டும். பேரரசை ஜெயித்த நாட்டில் அந்த ஒன்பது மாநிலங்களைச் சேர்க்க 1784 ஜனவரி 14 வரை ஆனது.

இந்தச் சமாதானத்தில் நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. அமெரிக்காவுக்குத் துணையாக பிரான்ஸ் போரில் இறங்கியதால் சண்டை கடல் தாண்டியும் பரவியது. 1783 ஜூனில் பிரிட்டிஷ் படை கடலூரை முற்றுகையிட்டிருந்தது; உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, அவருக்குத் துணையாக மைசூர்ப் படை, கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் கப்பல்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் ஆகிவிட்டது. செய்தி கப்பலேறி வந்துசேர்வதற்குள் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டன் தேயிலையில் தொடங்கிய போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று கடலூர் மணலில்! 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடமிருந்து பாதி நாட்டையும் பிணையாக இரண்டு பிள்ளைகளையும் வாங்கினார், அடுத்த ஆண்டு வங்காளத்தில் நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்தார். அமெரிக்காவில் கைநழுவிய சாவி இங்கே இறுக்கமாக அவர் கையில் இருந்தது.

மாசசூசெட்ஸுக்குத் திரும்புவோம். போர்க்கடனை அடைக்க அந்த மாநில அரசு வரியை ஏற்றியது. நாணயமாகவே கட்டச் சொன்னது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் நாணயம் ஏது? சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த அரசுப் பத்திரங்களைச் சிப்பாய்கள் வயிற்றுப்பாட்டுக்காக எப்போதோ அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். வாங்கி வைத்திருந்தவர்களுக்கு முழு மதிப்பும் வட்டியும் கொடுக்கத்தான் இப்போது வரி. அதாவது, தன் சம்பளப் பத்திரத்தை விற்றுச் சாப்பிட்டவன், அதே பத்திரத்தை வாங்கியவனுக்கு வட்டி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜப்தி, இல்லை சிறை. 1786 ஆகஸ்டில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கோர்ட்டுகளை நடக்கவிடாமல் மறித்தார்கள். 1774இல் இதே மேற்குப் பகுதியில் ராஜாவின் கோர்ட்டுகளை இப்படித்தான் மறித்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் போரில் கேப்டனாக இருந்தவர்.

காங்கிரஸிடம் அனுப்பப் படை இல்லை. பாஸ்டன் வியாபாரிகள் கைக்காசு போட்டு ஒரு படையைத் திரட்ட உதவினார்கள். அது வந்துசேருமுன், 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் போன விவசாயிகள்மீது அங்கிருந்த மாநிலப் படை பீரங்கியால் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள்.

நான்கே மாதத்தில் பிலடெல்பியாவில் அதே அறையில் ஆட்கள் கூடினார்கள். கோடைக்காலம், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு. 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்துபோனார்கள். ரோட் ஐலண்ட் வரவில்லை. வராதது நல்லதாயிற்று என்று சிலர் நினைத்திருப்பார்கள். கூட்டமைப்பு விதிகளைத் திருத்துங்கள் என்றுதான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். திருத்தத்துக்கு 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும் என்ற பழைய விதியை மதித்தால் எதுவும் நடக்காது என்று தெரிந்து, ஒன்பது போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். சட்டப்படி பார்த்தால் வரம்பு மீறல்தான். 1774இல் கார்ட்னரை நியமித்ததும் அப்படித்தான்.

அந்த ஆவணத்தில் முதல் உறுப்பின் எட்டாம் பிரிவு காங்கிரஸின் அதிகாரங்களை வரிசையாகச் சொல்கிறது. முதல் வரியே, வரி போடவும் வசூலிக்கவும் அதிகாரம். அடிமை என்ற சொல் ஆவணத்தில் எங்குமே இல்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவதும், 1808 வரை அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கக்கூடாது என்பதும் வேறு வார்த்தைகளில் இருக்கின்றன. எண்ணிக்கைக்கு வேண்டும், வாக்குக்கு வேண்டாம். 39 பேர் கையெழுத்திட்டார்கள். அந்த நாற்காலிச் சூரியன் உதிப்பதா மறைவதா என்று கூட்டம் முழுவதும் யோசித்ததாகவும், உதிப்பதுதான் என்று இப்போது தெரிகிறது என்றும் 81 வயது ஃபிராங்க்ளின் சொன்னாராம். வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லும் கதை, நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

1788 ஜூன் 21 அன்று நியூஹாம்ஷயர் ஒன்பதாவதாக ஒப்புதல் தந்தது. நியூயார்க்கில் 30க்கு 27. ரோட் ஐலண்ட் 1790 வரை இழுத்தடித்து 34க்கு 32 என்று வந்து சேர்ந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றார். புதிய அரசின் முதல் சுங்கவரிச் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்ட தேதி, 1789 ஜூலை 4. என் மரத்தடிக் கேள்விக்குப் பதில் அந்தத் தேதியில் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம்தான் விஸ்கி வரியைப் பற்றிப் படித்தேன்.

1791இல், போர்க்கடனை அடைக்க, நிதிச் செயலாளர் ஹாமில்டன் யோசனைப்படி, உள்ளூரில் காய்ச்சும் விஸ்கிக்குக் கலால் வந்தது. மலைகளுக்கு அப்பால் இருந்த பென்சில்வேனியா விவசாயிகளுக்கு விஸ்கி வெறும் குடி இல்லை; தானியத்தை மலை தாண்டி விற்க அதைவிட லாபமான வழி கிடையாது, கையில் நாணயம் இல்லாதபோது அதுவே பணமும் கூட. வசூலிக்கப் போனவர்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். எதிர்ப்பின் அடையாளமாகச் சுதந்திரக் கம்பங்களை நட்டார்கள். 1794 ஜூலையில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் வீட்டை எரித்தார்கள். நெவிலும் போரில் சண்டையிட்டவர், அவர் வீட்டு வாசலில் குண்டடிபட்டுச் செத்த ஜேம்ஸ் மக்ஃபார்லேனும் போரில் சண்டையிட்டவர். ஆலிவருக்குக் கொடும்பாவி கட்டி 29 வருஷம் ஆகியிருந்தது.

வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, தானே குதிரையேறிப் பாதி வழி வரை கூடப் போனார். எதிர்த்து நிற்க ஆளே இல்லை. பிடிபட்டவர்களில் இரண்டு பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. இருவரையும் அவரே மன்னித்தார். 1802இல் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் காலத்தில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். கென்டக்கி பக்கம் அதுவரை அது கிட்டத்தட்ட வசூலாகவே இல்லை.